இரவு ஷிஃப்டில் கிடைத்த துண்டுச் சீட்டுகள்: தகவல் சேகரிப்பு நேர்காணல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மூன்று ஷிஃப்டும் ஓடும் ஒரு தொழிற்சாலை. அதன் பராமரிப்புப் பிரிவுக்கான ஸ்டோரில் பேரிங், பெல்ட், ஆயில் சீல், ரிலே என்று சில ஆயிரம் வகை உதிரிப் பாகங்கள் இருந்தன. கணினி காட்டும் இருப்பும் அலமாரியில் உள்ள இருப்பும் ஒத்துப்போவதே இல்லை என்பதுதான் பிரச்சினை. நள்ளிரவில் இயந்திரம் நிற்கும். கணினி நான்கு பேரிங் இருப்பதாகச் சொல்லும். போய்ப் பார்த்தால் பெட்டி காலியாக இருக்கும்.

பழைய மென்பொருளை மாற்ற நிர்வாகம் முடிவு செய்து எங்களை அழைத்தது. நான் அமைப்புப் பகுப்பாய்வாளர். என்னோடு வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன இளைய சக பணியாளர் ஒருவர் இருந்தார். தேவைகளை, அதாவது புதிய மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, ஆட்களிடம் கேட்டுச் சேகரிக்க மூன்று வாரம் கொடுத்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே திட்ட மேலாளர் காரணத்தையும் தீர்வையும் சேர்த்தே சொல்லிவிட்டார். ஆட்களுக்கு ஒழுங்கு இல்லை, அதனால் கணக்கு தப்புகிறது. இண்டென்டுக்கு (ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் படிவம்) அங்கீகாரம் கிடைக்காமல் ஒரு போல்ட்டுகூட வெளியே போகாதபடி புதிய அமைப்பு பூட்டுப் போட வேண்டும் என்றார். நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். அது அவருடைய கருத்து என்று குறிக்காமல் ‘தேவை எண் 1’ என்று எழுதியதுதான் நான் செய்த முதல் தவறு.

## முதல் சுற்று

நான்கு நாளில் எட்டு நேர்காணல்கள். யாரை, எப்போது, எங்கே சந்திப்பது என்ற பட்டியலை மேலாளரே போட்டுக் கொடுத்தார். மேலிருந்து கீழ் வரிசை: ஸ்டோர் தலைவர், கொள்முதல், பராமரிப்புப் பொறியாளர்கள், ஃபோர்மேன், கடைசியாக ஸ்டோர் கீப்பர்கள் இருவர். எல்லாம் கூட்ட அறையில் நடந்தன. கேள்விகளை இரண்டு நாள் முன்பே மேலாளர் வழியாக எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். யோசித்து வரட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

ஒவ்வொரு நேர்காணலையும் புனல் வடிவத்தில் அமைத்தேன். முதலில் விரிந்த கேள்வி, அதாவது ‘உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ போன்றது. அப்புறம் படிப்படியாகச் சுருக்கி, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் மூடிய கேள்விகளில் முடிப்பது. பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான், வடிவத்தில் குறை ஒன்றும் இல்லை. நேர்காணல் தருபவருக்குப் பேச விருப்பம் இருந்தால் புனல் நன்றாக வேலை செய்யும். பேசத் தயங்குபவரிடம் விரிந்த கேள்வியோடு தொடங்கினால், அவர் ஏற்கனவே மனப்பாடமாக வைத்திருக்கும் பதிலைத்தான் எடுத்து நீட்டுவார். அப்படிப்பட்டவரிடம் சின்னச் சின்ன உண்மைக் கேள்விகளில் தொடங்கி விரிவுக்குப் போகும் பிரமிடு வடிவம் பொருத்தமாக இருந்திருக்கும். எனக்கு அது தெரியாமல் இல்லை. எட்டுப் பேருக்கும் ஒரே தாளை வைத்துக்கொண்டால் பதில்களை ஒப்பிடுவது எளிது என்று நினைத்துவிட்டேன்.

எட்டுப் பேரும் ஒரே நடைமுறையைச் சொன்னார்கள். ஃபிட்டர் இண்டென்ட் எழுதுவார், பொறியாளர் கையெழுத்திடுவார், ஸ்டோர் கீப்பர் பொருளைக் கொடுத்துவிட்டு பின் கார்டில் (ஒவ்வொரு பொருளின் இருப்பையும் எழுதி வைக்கும் அட்டை) குறைத்து எழுதுவார், கணினியில் பதிவார். நடைமுறைக் கையேட்டிலும் இதேதான் இருந்தது. இவ்வளவு ஒற்றுமையாகப் பதில் வந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது.

## பதிவேடு சொன்ன வேறு கதை

தேவை ஆவணம் தயாராகி, இரண்டு துறைத் தலைவர்கள் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அந்த வாரம் என் சக பணியாளர் பழைய மென்பொருளின் தரவைப் புதியதற்கு மாற்றும் வேலைக்காக அலசிக்கொண்டிருந்தார். பொருள் வழங்கிய பதிவுகளை மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தவர் என்னை அழைத்துக் காட்டினார். பெரும்பாலான பதிவுகள் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை, பார்த்த மாதங்கள் எதிலும் ஒரு பதிவுகூட இல்லை.

ஸ்டோர் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருப்பதாக ஸ்டோர் கீப்பர்கள் இருவரும் சொல்லியிருந்தார்கள். இயந்திரங்கள் இரவில் பழுதாவதையும் சரியாவதையும் பராமரிப்புப் பதிவேடு காட்டியது. அப்படியானால் இரவில் மாற்றிய பேரிங் எங்கிருந்து வந்தது?

குறிப்புகளை எடுத்துத் திரும்பப் படித்தோம். ஸ்டோர் கீப்பர் ஒருவரிடம் நான் கேட்டது: “இரவு ஷிஃப்டில் எவ்வளவு பொருள் போகும், அதை யார் அங்கீகரிப்பார்கள்?” ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. அவர் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொன்னார்: “ரொம்பப் போகாது சார்.” இரண்டாம் பாதி அப்படியே நழுவிவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். இன்னொருவரிடம் கேட்டது அதைவிட மோசம்: “அங்கீகாரம் ஆன பிறகுதானே பொருள் கொடுப்பீர்கள்?” பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் அவர் ஆமாம் என்று சொல்லாமல் என்ன செய்வார்? அதுவும் ஸ்டோர் தலைவர் பக்கத்து நாற்காலியில் ‘உதவிக்காக’ உட்கார்ந்திருக்கும்போது. அந்த நேர்காணலுக்கு 45 நிமிடம் ஒதுக்கியிருந்தோம். 18 நிமிடத்தில் முடிந்ததாகக் குறிப்பின் ஓரத்தில் எழுதியிருந்தது.

மீதிக் கையெழுத்துகளை நிறுத்திவைத்து இன்னும் ஒரு வாரம் கேட்பது என்று முடிவெடுத்தோம். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. “எல்லாரும்தான் ஒத்துக்கிட்டாங்களே, இன்னும் என்ன?” என்றார். நான் வாதாடாமல் மணி வாரியான அட்டவணையை அவர் முன் வைத்தேன். இந்த ஆவணத்தின்படி அமைப்பைக் கட்டினால் முதல் நாள் இரவே ஒரு ஃபிட்டர் பூட்டிய திரையின் முன் நிற்பார், அவருக்குப் பின்னால் ஓடாத இயந்திரம் இருக்கும் என்றேன். ஒரு வாரம் கிடைத்தது.

## இரண்டாம் சுற்றுக்கு மாற்றியவை

முதலில் வரிசையைத் தலைகீழாக்கினோம். கவுன்ட்டரில் நிற்பவரில் தொடங்கி மேலாளரில் முடிப்பது. மேலே இருப்பவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கீழே போனால், நம்மை அறியாமல் அதைச் சரிபார்க்கும் கேள்விகளையே கேட்கிறோம்.

இடத்தையும் நேரத்தையும் மாற்றினோம். கூட்ட அறை வேண்டாம், இரவு ஷிஃப்டில் கவுன்ட்டருக்குப் பின்னால் இரண்டு இரவு உட்காருவது. மேலதிகாரிகள் யாரும் உடன் இருக்கக் கூடாது என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே நேரடியாகச் சொன்னோம். முகம் சற்று மாறினாலும் சம்மதித்தார்.

கேள்வியின் தன்மையை மாற்றியதுதான் முக்கியமானது. ‘வழக்கமாக எப்படிச் செய்வீர்கள்?’ என்று கேட்டால் மனிதர்கள் விதியைச் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இல்லை. ‘வழக்கம்’ என்ற சொல்லே நினைவை விதியின் பக்கம் இழுக்கிறது. ‘கடைசியாக நடந்ததைச் சொல்லுங்கள்’ என்றால் சம்பவத்தைச் சொல்வார்கள். இதற்கு நெடிய பரம்பரை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படையின் உளவியல் திட்டத்தில் பணியாற்றிய ஜான் ஃபிளனகன், விமானிகளிடம் பொதுக் கருத்தைக் கேட்காமல் குறிப்பிட்ட சம்பவங்களைக் கேட்டுத் தொகுக்கும் முறையை வளர்த்து, 1954இல் ‘முக்கிய நிகழ்வு முறை’யாக எழுதினார். நாங்கள் அதன் எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டோம்: கடைசி முறை, அதற்கு முந்தைய முறை, எல்லாவற்றையும்விடச் சிக்கலான முறை.

ஒருவர் கேட்பது, மற்றவர் எழுதுவது என்று பிரித்துக்கொண்டோம். ஒலிப்பதிவு வேண்டாம், மடிக்கணினியும் வேண்டாம், சின்ன நோட்டு போதும்.

கடைசியாக, என்ன வாக்குறுதி தருவது என்பது. பெயரை எழுத மாட்டோம் என்று சொல்வது எளிது. இரவு ஷிஃப்டுக்கு மாறி மாறி வருபவர்களே மூன்று பேர் என்னும்போது அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. ஆகவே காப்பாற்றக்கூடியதை மட்டும் சொல்வது என்று தீர்மானித்தோம். மேலே போகும் எதையும் முதலில் உங்களுக்குக் காட்டுவோம். ஒரு பழக்கத்தை எழுதினால் அது ஏன் வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.

## கவுன்ட்டருக்குப் பின்னால்

முதல் இரவு இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் வயதில் மூத்தவர். பகலில் கூட்ட அறையில் என்னை ‘சார்’ என்றவர், அங்கே அவர் இடத்தில் ‘தம்பி’ என்றார். நானும் ‘அண்ணே’ என்று பழகிக்கொண்டேன். அலமாரி வரிசைகளைக் காட்டினார். பின் கார்டுகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

ஒன்றே காலுக்கு ஃபிட்டர் ஒருவர் வேகமாக வந்தார். பேரிங் எண்ணைச் சொன்னார், கையில் வாங்கிக்கொண்டார், கிழிந்த தாளில் எண்ணையும் இயந்திரத்தின் பெயரையும் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினார். ஸ்டோர் கீப்பர் அந்தச் சீட்டை மேசைமேல் இருந்த ஒரு கம்பியில் குத்தினார். கம்பியில் ஏற்கனவே ஒரு கற்றை இருந்தது.

நான் தயாரித்து வைத்திருந்த கேள்வித்தாளை அதற்குமேல் எடுக்கவே இல்லை. “இதுக்கு முந்தின சீட்டு என்னண்ணே?” என்று மட்டும் கேட்டேன். கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிச் சொல்ல ஆரம்பித்தார். கையில் ஒரு பொருள் இருக்கும்போது நினைவு எவ்வளவு துல்லியமாகிறது என்பதை அன்று பார்த்தேன். யார் வந்தார், என்ன அவசரம், காலையில் யார் கையெழுத்துப் போட்டார் என்று சீட்டுக்குச் சீட்டு வந்தது. இடையில் “ஏன்?” என்று கேட்பதைத் தவிர்த்தேன், அது விசாரணைபோல ஒலிக்கும். “அப்புறம் என்ன ஆச்சு?” என்பதே போதுமானதாக இருந்தது.

விடிவதற்குள் சீட்டுகளை நான்கு வகையாகப் பிரிக்க முடிந்தது. முதல் வகை, இரவு அவசரத்துக்கு எடுத்துக் காலையில் இண்டென்ட் போடுவது. காலை 9 மணிக்குப் பதிவுகள் குவிந்தது இதனால்தான். இரண்டாவது, எது பொருந்தும் என்று தெரியாமல் இரண்டு அளவில் எடுத்துப் போய் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது, வேறொரு பிரிவுக்காக ஒதுக்கி வைத்ததைக் கடனாகக் கொடுப்பது, புதிது வந்ததும் நிரப்பிக்கொள்வது.

நான்காவது வகைச் சீட்டுகள் கம்பியின் அடியில் இருந்தன, தாள் பழுப்பேறியிருந்தது. அவற்றைப் பற்றிக் கேட்டபோது அவர் பேசாமல் இருந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. வேறு கேள்விக்குத் தாவிவிடலாமா என்று தோன்றியது. பேசாமல் இருப்பது ஒரு நேர்காணல் உத்தி என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். கடைசியில் அவரே சொன்னார். சில சீட்டுகளுக்கு இண்டென்ட் வரவே வராது. பொருள் போய்விட்டது, கணக்கை நேர் செய்தாக வேண்டும். அதனால் அடுத்து வரும் வேறு இண்டென்டில் எண்ணிக்கையை ஒன்று கூட்டி எழுதி அனுப்புவார்கள்.

“இதை எழுதிக்காதீங்க தம்பி” என்றார். என் சக பணியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

## எழுதக் கூடாததை என்ன செய்வது

இந்த நிகழ்வில் நாங்கள் மிக அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான். அந்தத் தகவல் இல்லாமல் புதிய அமைப்பு சரியாக வராது. கணக்கு தப்புவதன் ஒரு முக்கியக் காரணமே அதுதான். எழுதினாலோ அது ஒரு மனிதரின் வேலைக்கே வினையாகலாம்.

மறுநாள் இரவு அவரிடமே திரும்பப் போய்க் கேட்டேன். இதே விஷயம் வேறு வழியில், அவரைத் தொடாமல் கிடைத்தால் பயன்படுத்தலாமா? சற்று யோசித்துவிட்டு, “நீங்களா கண்டுபிடிச்சா அது உங்க பாடு” என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். முழுச் சம்மதமா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

வேறு வழி தரவில் இருந்தது. ஓர் இயந்திரத்துக்கு இரண்டு பேரிங்தான் பொருத்த முடியும், இண்டென்டில் மூன்று என்று இருந்தது. அத்தகைய பதிவுகளைத் தேடியபோது அவை மாதக் கடைசியை ஒட்டி அதிகமாக இருந்தன. ஏன் மாதக் கடைசி என்பதற்குத் தரவில் பதில் இல்லை. அதற்கு மறுபடியும் ஆட்களிடம்தான் போக வேண்டியிருந்தது.

ஷிஃப்ட் பொறியாளரிடம் போனோம். இரவு எடுத்ததற்குக் காலையில் கையெழுத்து மறுத்ததுண்டா என்று கேட்டதற்கு “ஒருபோதும் இல்லை” என்றார். ‘ஒருபோதும்’, ‘எப்போதும்’, ‘எல்லாரும்’ ஆகிய மூன்று சொற்களில் எது வந்தாலும் அங்கே ஒரு அடி ஆழமாகத் தோண்ட வேண்டும் என்பது என் அனுபவம். போன மாதக் கடைசி வாரத்தை நாள் நாளாக நினைவுபடுத்தச் சொன்னேன். பிரிவுக்கு ஒதுக்கிய செலவு வரம்பு அந்த வாரம் தீர்ந்துவிட்டது என்றார். வரம்பு தாண்டினால் இண்டென்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பாராம். அதை அவர் மறுப்பதாகவே நினைக்கவில்லை, அதனால் அவர் சொன்ன பதில் அவரளவில் உண்மைதான். தள்ளி வைத்ததில் சில அடுத்த மாதமும் வருவதில்லை. ஸ்டோரில் சீட்டு பழுப்பேறுகிறது.

ஆக, ஒழுங்கின்மை என்று மேலாளர் சொன்னதன் வேர் செலவு வரம்பில் இருந்தது. ஸ்டோர் கீப்பரிடம் மட்டும் கேட்டிருந்தாலும், பொறியாளரிடம் மட்டும் கேட்டிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

அன்றன்றைய குறிப்புகளை மறுநாளே ஒரு பக்கத்தில் எழுதி, பேசியவரிடமே படித்துக் காட்டினோம். ஃபோர்மேன் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். ‘கடன்’ வேண்டாம், ‘மாற்று’ என்று போடுங்கள் என்றார். மாற்றினோம்.

## கூட்டமும் விளைவும்

கடைசியில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். ஐபிஎம் நிறுவனத்தில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய கூட்டு வடிவமைப்புக் கூட்டங்களின் பாணி அது. அந்த முறையில் முரண்பாடுகள் அங்கேயே தீரும், நாட்கள் மிச்சமாகும். ஆனால் தொடக்கத்திலேயே அப்படிக் கூட்டியிருந்தால், பதவியில் பெரியவர் முதலில் பேசியிருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். தனித்தனியாகக் கேட்டு முடித்த பிறகு கூட்டியது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான்கு பாதைகளையும் ஒரு படமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். பெயர் எதுவும் இல்லை. அதைக் கூட்டத்துக்கு முன்பே இரவு ஸ்டோர் கீப்பர்கள் மூவருக்கும் காட்டியிருந்தோம். மேலாளர் நான்காவது பாதையைப் பார்த்துவிட்டு, “இதை யார் சொன்னது?” என்று கேட்டார். இண்டென்ட் பதிவுகளின் அட்டவணையை நீட்டினேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஸ்டோர் தலைவர்தான் பேசினார்: “நான் கவுன்ட்டர்ல நின்ன காலத்துலயும் இப்படித்தான்.” அதன் பிறகு பேச்சு யார் என்பதை விட்டு எப்படி என்பதற்குப் போனது. அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தேவை எண் 1 திருத்தப்பட்டது. விலை அதிகமானவற்றுக்கும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றுக்கும் மட்டும் முன் அங்கீகாரம் கட்டாயம். மற்றவற்றை ஃபிட்டரின் அடையாள எண்ணைப் பதிந்து உடனே கொடுக்கலாம், அங்கீகாரம் பின்னால் வரலாம். வராமல் நிற்பவை ஸ்டோரின் கணக்கில் தொங்காமல் பொறியாளரின் திரையில் நிற்கும். எடுத்துப் பார்த்துத் திருப்புவதற்கும் மாற்றுக்கும் தனி வழி வைத்தோம். செலவு வரம்பை நிர்வாகம் மாற்றவில்லை. அது எங்கள் எல்லைக்கு வெளியே இருந்தது.

அமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு இரவுப் பதிவுகள் இரவிலேயே விழத் தொடங்கின. அடுத்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் வித்தியாசம் குறைந்திருந்ததாக ஸ்டோர் தலைவர் சொன்னார். முழுவதும் மறையவில்லை. கம்பியும் மேசைமேல் அப்படியேதான் இருந்தது, நான் போனபோது அதில் மூன்று சீட்டுகள் இருந்தன.

## தப்பியது

அமைப்பு நடைமுறைக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே ஒரு ஓட்டை தெரிந்தது. வெளியே பழுதுபார்க்க அனுப்பிய மோட்டார் ஒன்று திரும்பி வந்தது. அதை உள்ளே வாங்கிக்கொள்ளத் திரையே இல்லை. அது புதிய கொள்முதலும் இல்லை, திருப்பிய பொருளும் இல்லை. எதில் சேர்ப்பது என்று தெரியாமல் மூன்று நாள் கவுன்ட்டர் ஓரத்தில் கிடந்தது.

இந்தப் போக்குவரத்து முழுவதும் வாசல் காவலரின் பதிவேட்டில் நாள் தவறாமல் இருந்தது. அவரை நாங்கள் சந்திக்கவே இல்லை. எங்கள் பட்டியல் நிறுவன அமைப்புப் படத்திலிருந்து எடுத்தது, ஒப்பந்தக் காவலர்கள் அதில் வருவதில்லை. ‘நாங்கள் வேறு யாரிடம் பேச வேண்டும்?’ என்ற கேள்வியை இரண்டாம் சுற்றில் ஸ்டோர் ஆட்களிடம் கேட்டோம். வெளியே மோட்டார் அனுப்புபவர்களான பொறியாளர்களிடம் கேட்க மறந்துவிட்டோம். திருத்தம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

## மறுபடி செய்தால்

நேர்காணலுக்கு முன்பே தரவைப் பார்ப்பேன். மணி வாரியான அந்த அட்டவணையை எடுக்க அரை நாள்தான் ஆனது. முதல் நாளே எடுத்திருந்தால் முதல் சுற்றின் கேள்விகளே வேறாக இருந்திருக்கும். கேள்வித்தாளை முன்கூட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டேன். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன், மேலாளர் வழியாக இல்லாமல் நேரடியாக. புனலா பிரமிடா என்பதை ஆளைப் பார்த்த பிறகு தீர்மானிக்கிறேன். அதனால் பதில்களை அட்டவணையில் ஒப்பிடுவது கடினமாகிறது. அந்தச் சிரமம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆட்களின் பட்டியலை அமைப்புப் படத்திலிருந்து எடுக்காமல், ஒரு பொருளின் பின்னால் நடந்து போய் எடுக்கிறேன். ஒரு பேரிங் வாசலில் நுழைவதிலிருந்து குப்பைக்குப் போவதுவரை அதைத் தொடும் கைகள் எல்லாம் பட்டியலில் வரும்.

வாக்குறுதியைத்தான் இன்னும் சரியாக வடிக்க முடியவில்லை. அந்த இரவில் அவர் ‘எழுதாதீங்க’ என்று சொல்லும்வரை காத்திருந்தது தவறு. இப்போது உட்கார்ந்ததுமே சொல்லிவிடுகிறேன்: “எழுத வேண்டாம் என்று நினைப்பதைச் சொல்லும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்ட பிறகு அதை மறந்தாற்போல் என்னால் நடிக்க முடியாது.” இதைக் கேட்டதும் சிலர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.